தலைக்கு மேலே சுழல்கிறவர்

'டெஸ்லா' என்ற பெயரை இந்தக் காலத்துப் பையன் ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்தக் காரா?" என்பான். கல்லூரியில் படிக்கும் அவன் அக்காளிடம் சொன்னால், "அது காந்தப் புலத்தை அளக்கிற அலகு ஆயிற்றே!" என்பாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த தாத்தா, "என் தலையைப் படம் பிடித்த யந்திரத்தை ஒன்றரை டெஸ்லா என்றுதான் சொன்னார்கள்!" என்று தம் பங்குக்குச் சேர்ந்துகொள்வார். எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கும் சித்தப்பா சும்மா இருப்பாரா? "உங்களுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது. ஆகாசத்திலிருந்து இலவசமாக மின்சாரம் எடுக்க வழி கண்டவர் அவர். பணக்காரர்கள் கூடிப் பேசி மறைத்துவிட்டார்கள்!" என்று அடித்துச் சொல்வார்.

நாலு பேருக்கு நாலு டெஸ்லா! அவர்கள் இப்படி வாதாடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தலைக்கு மேலே மின்சார விசிறி ஒன்று சாவதானமாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஐந்தாவது டெஸ்லா அங்கேதான் இருக்கிறார். யார் கண்ணிலும் படாத டெஸ்லா அவர்.

நிகோலா டெஸ்லாவைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு வயது 68. என் தாயாரின் தமையனார் அவர்.

கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் மாமா நாற்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். கிணற்று மோட்டார், மாவு மில் மோட்டார், விசைத்தறி மோட்டார் என்று சுற்று வட்டாரத்தில் எரிந்துபோன மோட்டார்களெல்லாம் அவர் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். கருகின செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டு, உள்ளே சுத்தம் செய்து, இன்சுலேஷன் காகிதத்தைச் சொருகி, புதுக் கம்பியைக் கணக்குப் பிசகாமல் சுற்றிக் கட்டி, நாடாவால் இறுக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று அவர் பென்ஸிலால் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அந்த ஊரில் பஞ்சாங்கத்துக்கு இருந்த மரியாதை அதற்கும் இருந்தது.

கண் பார்வை மங்கிய பிறகு மாமா பட்டறையை மூடினார். அதன் பிறகுதான் கைப்பேசியில் அந்தப் படம் வந்தது. மண்ணில் புதைத்த ஒரு கம்பி, அதன்மேல் ஒரு செம்புச் சுருள், பக்கத்தில் ஒரு பெட்டி. மின்சார வாரியத்துக் கம்பி எதுவும் கிடையாது. பல்பு மட்டும் ஜகஜ்ஜோதியாக எரிகிறது! "டெஸ்லா கண்டுபிடித்து மறைக்கப்பட்ட ரகசியம்" என்று ஒரு குரல் உருக்கமாகப் பேசியது. ஏஜென்ஸி எடுக்கிறவர்களுக்கு லாபம் கொட்டும் என்றும் சொல்லிற்று. மாமா 80,000 ரூபாய் முன்பணம் கட்டினார். பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. பல்பும் எரிந்தது, மூன்று நாள்!

நாலாவது நாள் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். அடியில் பசை போட்டு மறைத்திருந்த ஒரு பாட்டரிதான் அதற்குள் இருந்தது. விற்றவர்களின் தொலைபேசி அன்றோடு ஊமையாகிவிட்டது.

நான் பார்க்கப் போனபோது மாமா பணத்தைப் பற்றிப் பேசவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெகு நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்பிளே, நீ பத்திரிகையிலே இருக்கறவன். உன்னை ஒண்ணு கேட்கோணும்" என்றார்.

"கேளுங்க மாமா."

"அந்த டெஸ்லாங்கறவரு நெசமாலுமே இருந்தாரா? இருந்திருந்தா, அவரும் இப்படித்தான் ஊரை ஏமாத்தினாரா?"

பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. ஏமாற்றப்பட்ட ஒரு மகான் என்று நம்பி மனத்தில் இடம் கொடுத்தவர் அல்லவா? அவரே எத்தன் என்றால் எப்படித் தாங்கும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் புத்தகங்களைப் புரட்டினேன். பதில் கிடைத்தது. நான் எதிர்பார்த்ததைவிட ருசிகரமாகவே கிடைத்தது.

* * *

டெஸ்லா நிஜமாகவே இருந்தவர்தான். 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 10-ந் தேதி, இன்றைய குரோஷியாவைச் சேர்ந்த ஸ்மில்யான் என்ற கிராமத்தில் ஒரு ஸெர்பியக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் எல்லைப்புறம். தகப்பனார் மாதா கோவில் பாதிரியார். தாயார் ஜூகா பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் அல்ல. ஆனால் வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்வார். நீண்ட காவியப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார். கண்டுபிடிக்கும் குணம் தமக்குத் தாயாரிடமிருந்தே வந்தது என்று பிற்காலத்தில் டெஸ்லா எழுதினார்.

பிள்ளையும் பாதிரியாராக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. பிள்ளைக்கோ யந்திரங்களின் மேல் கண். இந்தச் சமயத்தில் அந்தப் பக்கத்தில் காலரா பரவியது. நிகோலா படுக்கையில் விழுந்து மாதக் கணக்கில் எழுந்திருக்கவில்லை. பிழைப்பது துர்லபம் என்ற நிலையில், "என்னை இஞ்சினீயரிங் படிக்கவிட்டால் ஒருவேளை பிழைத்தாலும் பிழைப்பேன்" என்றார் மகன். தகப்பனார் வாக்குக் கொடுத்தார். மகன் பிழைத்தார்!

1875-ல் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள் பேராசிரியர் பெஷல் ஒரு புது யந்திரத்தை ஓட்டிக் காண்பித்தார். டி.ஸி. என்று நாம் சொல்லும் நேர் மின்னோட்டத்தில் ஓடுகிற யந்திரம் அது. சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோக உலோகத் தூரிகைகள் அதன்மேல் உரசிக்கொண்டிருந்தன. உரசும் இடத்தில் தீப்பொறி பறந்தது. "இந்தத் தூரிகைகளே இல்லாமல் ஓட்ட முடியாதா?" என்று கேட்டார் மாணவர் டெஸ்லா. பேராசிரியர் அது நடக்காத காரியம் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். வகுப்பு சிரித்திருக்கும். ஆனால் கேள்வி மட்டும் டெஸ்லாவை விடவில்லை. படிப்புக் குலைந்தது, சீட்டாட்டம் பிடித்தது, பட்டம் வாங்காமலே கலாசாலையை விட்டார். அப்போதும் அந்தக் கேள்வி மட்டும் கூடவே வந்தது.

1882-ல் புடாபெஸ்ட் நகரத்தில் இருந்தார். ஒரு மாலை, சிநேகிதர் ஸிகெத்தியுடன் பூங்காவில் உலாவிக்கொண்டிருந்தார். சூரியன் மறைகிற நேரம். ஜெர்மன் மகாகவி கெதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்திலிருந்து சில வரிகளைச் சொல்லிக்கொண்டு நடந்தார். திடீரென்று நின்றார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டுச் சிநேகிதருக்கு ஒரு மோட்டாரைக் காண்பித்தார். அதில் தூரிகை இல்லை, உரசல் இல்லை, பொறியும் இல்லை. ஆறு வருஷத்துக் கேள்விக்கு மண்ணில் பதில் கிடைத்துவிட்டது.

* * *

அந்தப் பதில் என்ன? வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை எழுந்து உட்காருகிறது. அது உட்காரும்போது அடுத்தது எழுகிறது. பிறகு அதற்கு அடுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால், ஏதோ ஓர் அலை வட்டத்தைச் சுற்றி ஓடுவதுபோல இருக்கும். ஆனால் எந்தக் குழந்தையும் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

மாறு மின்னோட்டம், அதாவது ஏ.ஸி., இப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் அசையாத கூட்டுக்குள் சுற்றிலும் கம்பிச் சுருள்களை வைத்து, அவற்றில் மின்சாரம் ஒரே சமயத்தில் ஏறாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்படி செய்தால், காந்த சக்தி அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். சுருள்கள் அசைவதில்லை, காந்தம் மட்டும் சுழல்கிறது! நடுவில் உள்ள உருளையில் அந்தக் காந்தமே மின்சாரத்தைத் தூண்டி, அதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. உருளையை எந்தக் கம்பியும் தொட வேண்டியதில்லை. ஆகவே தூரிகையும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம்.

இதில் ஓர் அழகான நுட்பம் உண்டு. உருளை எவ்வளவு ஓடினாலும் காந்தத்தை எட்டிப் பிடிக்கக் கூடாது. பிடித்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய், தூண்டுதல் நின்று, இழுக்கும் சக்தியும் நின்றுவிடும். உங்கள் தோட்டத்து மோட்டாரின் தகட்டில் '1440' என்று போட்டிருந்தால் கவனியுங்கள். உள்ளே காந்தம் நிமிஷத்துக்கு 1500 தடவை சுழல்கிறது. உருளை 1440 தடவை சுழல்கிறது. அந்த 60 தடவைப் பின்தங்கலில்தான் கிணற்றுத் தண்ணீர் மேலே வருகிறது!

வீட்டு விசிறியும் அநேகமாக இந்த ஜாதிதான். வீட்டுக்கு வருவது ஒற்றை முனை மின்சாரம். அதிலிருந்து சற்றுப் பிந்தி ஏறுகிற இன்னொரு ஓட்டத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது ஒரு சின்ன டப்பா. விசிறி சோம்பல்பட்டுச் சுழன்றால் எலெக்ட்ரீஷியன் வந்து "கண்டென்ஸர் போய்விட்டது" என்று மாற்றுகிறாரே, அதுதான் அந்த டப்பா. புதிதாக வரும் சிக்கன விசிறிகளில் அமைப்பு வேறு. மற்ற விசிறிகளிலெல்லாம் புடாபெஸ்ட் பூங்காவில் மண்ணில் கீறிய படம்தான் சுழன்றுகொண்டிருக்கிறது.

* * *

1884-ல் டெஸ்லா நியூயார்க்கில் போய் இறங்கினார். சட்டைப் பையில் நாலே நாலு ஸெண்டு இருந்ததாம். தாமஸ் ஆல்வா எடிஸனின் கம்பெனியில் வேலை கிடைத்தது. சில மாதங்களிலேயே வேலையை விட்டார். யந்திரங்களைத் திருத்தி அமைத்தால் 50,000 டாலர் தருவதாகச் சொல்லிவிட்டு, பிறகு அதை வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள் என்பது டெஸ்லாவின் புகார். எடிஸனே அப்படிச் சொன்னதாக ஊரெல்லாம் கதை நடக்கிறது. டெஸ்லாவோ தம் சுயசரிதையில் 'மானேஜர்' என்றுதான் எழுதியிருக்கிறார். ஒரு மனிதருக்கு வில்லன் வேண்டுமென்றால் உலகம் பெரிய வில்லனாகத்தான் பார்த்துக் கொடுக்கும்!

பிறகு சொந்தக் கம்பெனி ஒன்று. அதிலிருந்தும் கூட்டாளிகள் அவரை வெளியேற்றினார்கள். 1886-ம் வருஷத்துக் குளிர்காலத்தில், ஐரோப்பாவில் உயர்ந்த கணிதம் படித்த அந்த மனிதர் நியூயார்க் தெருக்களில் நாளைக்கு இரண்டு டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார்.

அதிர்ஷ்டம் அடுத்த வருஷம் திரும்பியது. இரண்டு கனவான்கள் பணம் போட்டு ஆராய்ச்சி சாலை அமைத்துக் கொடுத்தார்கள். 1888 மே மாதம் முதல் தேதி அவருடைய மோட்டாருக்கும் அதைச் சேர்ந்த ஏற்பாடுகளுக்கும் பேடண்டுகள் கிடைத்தன. அதே மாதம் 16-ந் தேதி அமெரிக்க மின்சார இஞ்சினீயர்கள் சங்கத்தில் பிரசங்கம் செய்தார். பிட்ஸ்பர்க் தொழிலதிபர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தாமதிக்கவில்லை. ரொக்கமும் பங்குகளுமாக 60,000 டாலர். அதற்கு மேல் குதிரை சக்தி ஒன்றுக்கு இரண்டரை டாலர் ராயல்டி என்று பேசி முடித்தார்.

வெஸ்டிங்ஹவுஸ் ஏன் இவ்வளவு அவசரப்பட்டார்? எடிஸனின் டி.ஸி. மின்சாரத்தை அந்தக் காலத்தில் அதிகத் தூரம் கொண்டுபோக முடியாது. மைலுக்கு ஒரு மின்சார நிலையம் கட்ட வேண்டியிருந்தது. ஏ.ஸி.யையோ டிரான்ஸ்பார்மர் வைத்து அழுத்தத்தை ஏற்றி, மெல்லிய கம்பியில் வெகு தூரம் அனுப்பி, ஊரில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒரு குறை இருந்தது. ஏ.ஸி.யில் விளக்கு எரிந்தது. நன்றாக ஓடுகிற மோட்டார் இல்லை. இரவில் மட்டும் பயன்பட்டுப் பகலில் தூங்குகிற மின்சாரத்தால் மில் ஓடுமா, மாவு அரைக்க முடியுமா? அந்தக் குறையைத்தான் டெஸ்லா தீர்த்தார்.

எடிஸன் பக்கத்தார் ஏ.ஸி. ஆபத்தானது என்று பயங்கரப் பிரசாரம் செய்தார்கள். 1890-ல் முதன்முதலாக மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றியபோது அதற்கு ஏ.ஸி.யையே உபயோகித்தார்கள். ஆனால் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் ஏ.ஸி.யைக் கொண்டு பல்லாயிரம் விளக்குகளை ஏற்றிக் காட்டினார். 1896 நவம்பர் 16-ந் தேதி நயாகரா நீர்வீழ்ச்சியின் சக்தி 26 மைல் தாண்டி பஃபலோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டெஸ்லா சிறு பையனாக இருந்தபோது நயாகராவின் வர்ணனையைப் படித்துவிட்டு, "அமெரிக்கா போய் இந்த நீர்வீழ்ச்சியைக் கொண்டு சக்கரம் சுழற்றுவேன்" என்று உறவினர் ஒருவரிடம் சொன்னாராம். சின்னப் பையன்கள் என்னவெல்லாமோ சொல்கிறார்கள். சொன்னபடி செய்பவர்கள் எத்தனை பேர்?

* * *

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியில் டூரின் நகரத்துப் பேராசிரியர் கலிலேயோ ஃபெராரிஸும் இதே சுழலும் காந்தத்தைத் தனியாகக் கண்டுபிடித்தார். 1885-லேயே மாதிரி செய்து வைத்திருந்தார். 1888 மார்ச்சில் வெளியிட்டார். பேடண்ட் எடுக்கவில்லை. நம் குடியானவர்கள் தினமும் வாயில் சொல்லும் 'மும்முனை மின்சாரம்' இருக்கிறதே, அதற்குச் சரியான உருவம் கொடுத்ததில் ரஷ்யாவில் பிறந்த தோலிவோ-தோப்ரோவோல்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு. டிரான்ஸ்பார்மரும் டெஸ்லாவின் கண்டுபிடிப்பு அல்ல. பெரிய தேரைத் தனி ஒருவர் இழுப்பதில்லை. ஆனால் வடத்தின் முன்வரிசையில் டெஸ்லாவின் கை இருந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

இன்னொரு கதை: வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்குக் கஷ்டம் வந்தபோது டெஸ்லா ராயல்டிப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார் என்பார்கள். கிழித்தாரோ இல்லையோ, 1897-ல் அந்தப் பேடண்டுகளை ஒரே தொகையாக 216,000 டாலருக்குக் கம்பெனி வாங்கிக்கொண்டது. சாதாரண மனிதருக்கு அது குபேர சம்பத்து. ஆனால் உலகத்து மோட்டார்களின் குதிரை சக்தியையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அது சில்லறை!

அந்தச் சம்பத்தும் நிற்கவில்லை. டெஸ்லாவின் மனம் கம்பியை விட்டு, கம்பியில்லாத இடத்துக்குத் தாவிவிட்டது. 1898-ல் ஒரு சிறு படகைத் தண்ணீரில் விட்டு, தொடாமலே தூரத்திலிருந்து ஓட்டிக் காண்பித்தார். ஜனங்கள் மந்திரம் என்றார்கள். 1901-ல் நியூயார்க்குக்கு அருகே வார்டன்கிளிஃப் என்ற இடத்தில் 187 அடி உயரக் கோபுரம் எழுப்பத் தொடங்கினார். கோடீஸ்வரர் ஜே. பி. மார்கன் 150,000 டாலர் கொடுத்தார். முதலில் கடல் கடந்து செய்தி அனுப்புவது, பிறகு கம்பி இல்லாமலே மின்சாரத்தையும் அனுப்புவது என்பது டெஸ்லாவின் திட்டம். அந்த டிசம்பரிலேயே, அவ்வளவு பெரிய கோபுரம் இல்லாமல், மார்க்கோனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் செய்தி வாங்கிவிட்டார். மார்கன் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். கோபுரம் பாதியில் நின்றது. கடைசியில் டெஸ்லாவின் ஹோட்டல் பாக்கிக்காக நிலம் கைமாறி, 1917-ல் கோபுரத்தை இடித்துப் பழைய இரும்பாக விற்றார்கள்.

'இலவச மின்சாரம்' என்ற கட்டுக்கதை முளைத்த இடம் இந்தக் கோபுரத்தின் அடிவாரம்தான். ஆனால் நன்றாகக் கவனியுங்கள். வார்டன்கிளிஃபில் டெஸ்லா செய்ய நினைத்தது மின்சாரத்தை அனுப்புகிற வேலை. ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து உண்டாக்குகிற வேலை அல்ல. கம்பிதான் வேண்டாம் என்றார். நீர்வீழ்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை! பூமியே கம்பியாக வேலை செய்யும் என்று அவர் நம்பினார். இன்றைய பௌதிகம் அதை ஏற்கவில்லை. கம்பியில்லாமல் அனுப்புகிற சக்தி நாலா பக்கமும் சிதறிப்போகிறது. செய்திக்கு ஒரு துளி சக்தி போதும். மாவு மில்லுக்கு அது போதாது. மார்கன் ரகசியத்தைப் புதைக்கவில்லை. பலிக்காத யோசனைக்குப் பணத்தை நிறுத்தினார், அவ்வளவுதான்.

'ஆகாசத்திலிருந்து' என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இன்னொரு மூலம் உண்டு. 1896-ல் சுவாமி விவேகானந்தர் நியூயார்க்கில் டெஸ்லாவைச் சந்தித்தார். பிராணன், ஆகாசம் என்று வேதாந்தம் சொல்வதைக் கேட்டு டெஸ்லா மிகவும் கவரப்பட்டதாகவும், சக்தியும் பருப்பொருளும் ஒன்றே என்பதைக் கணிதத்தால் காட்ட முடியும் என்று அவர் நம்புவதாகவும் சுவாமிகள் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரு பெரியவர்கள் சந்தித்து மனம் மகிழ்ந்தது உண்மை, அது அழகும்கூட. ஆனால் அப்படிப்பட்ட நிரூபணம் எதையும் டெஸ்லா வெளியிடவில்லை. அந்தச் சந்திப்பைக் காட்டி இன்று பெட்டி விற்பவர்கள் இரண்டு பேருக்கும் அபசாரம் செய்கிறார்கள்.

* * *

முதுமை அவரை நன்றாக நடத்தவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1917-ல் மின்சார இஞ்சினீயர்கள் சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் பெயர், விதியின் விளையாட்டைப் பாருங்கள், 'எடிஸன் பதக்கம்'! ஹோட்டல் ஹோட்டலாக மாறிக்கொண்டே இருந்தார். பூங்காவில் புறாக்களுக்குத் தீனி போடுவதும், அடிபட்ட புறாவை அறைக்குத் தூக்கி வந்து வைத்தியம் செய்வதும் வழக்கமாயிற்று. 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்து வந்தது. பிறந்த நாள்தோறும் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, படைகளை அழிக்கும் கதிர் என்றும் இன்னும் என்னென்னவோ அறிவித்தார். எங்கள் ஜாதிக்காரர்களும் கொட்டை எழுத்தில் போட்டார்கள். பிற்காலக் கட்டுக்கதைகளுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

1943 ஜனவரி 7-ந் தேதி 'நியூயார்க்கர்' ஹோட்டலின் 3327-ம் அறையில் தனியாக இறந்தார். வயது 86. அமெரிக்க அரசாங்கம் அவருடைய காகிதங்களைக் கைப்பற்றியது. 'பார்த்தீர்களா, மறைத்துவிட்டார்கள்!' என்பதற்கு இதைத்தான் சாட்சி சொல்கிறார்கள். அந்தக் காகிதங்களைப் பரிசோதித்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் டிரம்ப்; பின்னால் ஜனாதிபதியான டிரம்ப்பின் சிற்றப்பா. கடைசிக் காலக் குறிப்புகளில் இருப்பவை பெரும்பாலும் ஊகங்கள்தாம், செய்து பார்க்கத்தக்க புது முறை எதுவும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தக் காகிதங்கள் பெல்கிரேடு நகரத்துக்குப் போய், அங்குள்ள டெஸ்லா பொருட்காட்சி சாலையில் பத்திரமாக இருக்கின்றன.

அவர் இறந்து ஆறு மாதம் ஆவதற்குள், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ரேடியோ சம்பந்தமான மார்க்கோனியின் பேடண்ட் ஒன்றின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அவற்றில் உள்ளதை முன்னதாகவே செய்திருந்தவர்கள் என்று காட்டிய பெயர்களில் டெஸ்லாவும் ஒருவர். 1960-ல் சர்வதேச அளவை மகாநாடு காந்தப் புலச் செறிவின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டியது.

* * *

இதையெல்லாம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். உருளை காந்தத்தை எட்டிப் பிடிக்கவே கூடாது என்று நான் ஆரம்பித்தபோது மட்டும், "ஆமாமா, பிடிச்சா இழுவை ஏது? ஆயிரத்தி நானூத்தி நாப்பதுதானே வரும்" என்று கையை அசைத்தார். எனக்குப் புத்தகத்தில் கிடைத்தது அவருக்கு விரல் நுனியில் இருந்தது.

"மாமா, அவர் எத்தன் இல்லை. கடைசிக் காலத்திலே நடக்காததையும் நடக்கும்னு நம்பினார். ஆனா நடந்தது ஒண்ணு இருக்கு பாருங்க, அதைத்தான் நீங்க நாப்பது வருஷம் கையாலே கட்டினீங்க."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனை வருசமாக் கட்டறேன், அவரு பேரை யாரும் சொல்லலையே மாப்பிளே. பெட்டி விக்கறவன் வந்தல்ல சொல்ல வேண்டியிருந்துது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. டெஸ்லாவுக்கு உலகம் அநியாயம் செய்துவிட்டது என்று நமக்கு ஒரு குறுகுறுப்பு. அதை ஈடுகட்ட, அவர் செய்யாத அற்புதங்களையெல்லாம் அவர் தலையில் ஏற்றுகிறோம். செய்த அற்புதத்தைச் சொல்லிக் கொடுக்க மட்டும் மறந்துவிடுகிறோம். உண்மையைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பொய் வந்து கடை விரிக்கிறது; 80,000 ரூபாய் வசூலித்துக்கொண்டும் போகிறது.

சொல்லிக் கொடுப்பதற்கு நயாகரா வரைக்கும்கூடப் போக வேண்டியதில்லை. 1902-ல் நம் காவேரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உண்டான ஏ.ஸி. மின்சாரம் 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போயிற்று. அங்கே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வியர்வை சிந்திக்கொண்டிருந்தன. அந்த மின்சார யந்திரங்களைச் செய்து அனுப்பியது எது தெரியுமா? எடிஸனின் கம்பெனிக்கு வாரிசாக வந்த ஜெனரல் எலெக்ட்ரிக்! 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயமுத்தூருக்கு இறங்கி வந்தது. மில்களும், பம்ப் மோட்டார்களும், மாமாவைப் போன்றவர்களின் பட்டறைகளும் அதன் பின்னால் வந்தன.

எடிஸனின் டி.ஸி.யும் தோற்றே போய்விடவில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டுப் புகளூர் வரையில் 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மின்பாதை 2021-ல் திறக்கப்பட்டது, அது டி.ஸி. பாதை. புதுக் கருவிகள் வந்ததும் பழைய எதிரிகள் சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் புகளூரில் இறங்கியதும் அந்த மின்சாரம் ஏ.ஸி.யாக மாறித்தான் நம் கிணற்றுக்கும் மில்லுக்கும் வருகிறது. அங்கே அதற்காக ஒரு மோட்டார் காத்திருக்கிறது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை மேலே பார்த்து, "விசிறி எப்படிச் சுழல்கிறது?" என்று கேட்டால், "ஸ்விட்சைப் போட்டால் சுழலும், பேசாமல் படி" என்று சொல்லிவிடாதீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காந்தம் ஓடுவதை அந்தக் குழந்தைகள் தங்கள் உடம்பாலேயே தெரிந்துகொள்வார்கள். டெஸ்லாவுக்கு நாம் தர வேண்டிய ராயல்டி இன்னும் பாக்கி இருக்கிறது. அதை இப்படித்தான் செலுத்த முடியும்.